ஆன்லைன் வகுப்பில் கிரேக்கப் புராணம்: ஆன்டிகனி கதையைப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி: டர்பன் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதலில் சாட்ஸ்வர்த்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்தேன். இப்போது மூன்று வருடமாக, முழுக்க ஆன்லைனில் நடக்கிற ஒரு ஹைஸ்கூலில் கிரேடு 10 பிள்ளைகளுக்கு நாடகப் பாடம் எடுக்கிறேன். இந்த டேர்ம் கிரேக்க நாடகம். கிரேக்கப் புராணம் தெரியாமல் கிரேக்க நாடகத்தில் ஒரு அடி நகர முடியாது. அங்கேதான் நான் திணறிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் 23 பேர். ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த், டொங்காட், ஸ்டேங்கர் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மூன்று பேர், குவாமாஷுவிலிருந்து இரண்டு பேர். இந்த 23 பேரில் நாலு பேர் முகத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் கறுப்புக் கட்டம், அதற்குள் ஒரு பெயர். கேமராவைப் போட்டால் டேட்டா தீர்ந்துவிடும், மாதக் கடைசியில் அம்மாவின் போனில் ஒன்றும் மிஞ்சாது. அது எனக்குத் தெரியும் என்பதால் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

முதல் வாரம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பள்ளி எனக்குக் கொடுத்தது 62 ஸ்லைடு. முதல் பத்தும் ஒலிம்பஸ் மலைத் தெய்வங்கள் பட்டியல். சியூஸ், ஹேரா, போசைடன், அதீனா என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். சாட்டில் ஒரு பையன் எழுதினான்: சியூஸ் என்றால் இந்திரன், போசைடன் என்றால் வருணன், ஹேடீஸ் என்றால் எமன். எனக்கு ஒரே சந்தோஷம். உடனே எல்லோரையும் அப்படியே ஜோடி சேர்க்கச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அதோடு அந்தக் கதைகளில் அவர்களுக்கு இருந்த அக்கறையும் முடிந்துவிட்டது. 'இவர்தான் அவர்' என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்குக் கேட்க வேண்டும்?

அந்த ஜோடியும் சரியில்லை. நம் எமன் தருமராஜன். சித்திரகுப்தன் கணக்குப் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்பான். ஹேடீஸ் தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை, பாதாளத்துக்கு ராஜா, அவ்வளவுதான். அங்கே தீர்ப்புச் சொல்ல மைனோஸ், ராடமந்திஸ், ஏயகஸ் என்று மூன்று பேர் தனியாக இருக்கிறார்கள். இந்திரன் கையிலும் சியூஸ் கையிலும் இடி இருக்கிறது, சரி. ஆனால் இந்திரன் பயப்படுவது தவம் செய்கிறவர்களைப் பார்த்து. சியூஸுக்குப் பயம் பெற்ற பிள்ளை மேல். அவனுடைய அப்பா குரோனஸ் தன் பிள்ளைகளையே விழுங்கினவர், அந்த அப்பாவைக் கவிழ்த்துவிட்டுத்தான் இவனே உட்கார்ந்திருக்கிறான். இந்த வித்தியாசத்திலிருந்து அல்லவா நான் ஆரம்பித்திருக்க வேண்டும்!

இரண்டாவது வாரம் விளைச்சல் தெய்வம் டிமீட்டர், அவள் மகள் பெர்செஃபனி கதை. ஹேடீஸ் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அம்மா அழுது அழுது நிலம் காய்ந்துபோகிறது. பாதாளத்தில் மாதுளை விதையைத் தின்றுவிட்டதால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண் கீழேயே இருக்க வேண்டும். அவள் மேலே வரும்போது வசந்தம். ஸ்டேங்கர் பையன் ஒருவன் கேட்டான், 'மிஸ், நமக்கு செப்டம்பரில்தானே வசந்தம்? அப்படியானால் அங்கே அவள் கீழே போகிற நேரத்தில் நமக்கு மேலே வருகிறாளா?' அன்றைக்கு நன்றாகப் போயிற்று.

அப்புறம் கேரன் கதை. இறந்தவர்களைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிறவன். அவனுக்குக் கூலியாக இறந்தவர் வாயில் ஓபோல் என்கிற ஒரு சின்னக் காசு வைப்பார்கள் என்று சொன்னேன். டொங்காட் பெண் ஒருத்தி, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், மைக்கைத் திறந்தாள். 'மிஸ், எங்க ஆயா செத்தப்போ வாயில அரிசி போட்டாங்க. நானும் போட்டேன்.' பின்னால் எங்கேயோ குக்கர் விசில் அடிக்கிற சத்தம். யாரும் பேசவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'தேங்க் யூ, கண்ணு' என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பிள்ளை அத்தனை தூரம் கதவைத் திறந்துகொண்டு வந்தது. நான் ஸ்லைடைத் தள்ளினேன்.

அடுத்த வாரம் ஆன்டிகனி. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீப்ஸ் நகரத்து ராஜா ஈடிபஸுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். அப்பாவுக்குப் பிறகு பதவிக்காக அண்ணன் தம்பி சண்டை. பாலினைசஸ் ஆர்கோஸ் நாட்டுப் படையைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரையே முற்றுகையிடுகிறான். எட்டியோகிளீஸ் எதிர்த்து நிற்கிறான். இருவரும் ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். தாய்மாமன் கிரியோன் அரியணை ஏறி, 'ஊரைக் காத்தவனுக்கு முறையான அடக்கம், படை கொண்டு வந்தவன் நாய்க்கும் பறவைக்கும் இரை, புதைக்கிறவனுக்கு மரணம்' என்று சட்டம் போடுகிறார். தங்கை ஆன்டிகனி போய் அண்ணன் உடல்மேல் மண்ணைத் தூவி, மூன்று முறை நீர்க்கடன் ஊற்றுகிறாள். பிடிபடுகிறாள். உயிரோடு குகையில் அடைக்கிறார்கள். சோஃபக்ளீஸ் இதை நாடகமாக எழுதி ஏறக்குறைய 2460 வருடம் ஆகிறது.

மூன்று பிடி மண் போடுவது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆயாவுக்கு வாய்க்கரிசி போட்ட பெண் இந்தக் கதையில் எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் 62 ஸ்லைடோடு, கறுப்புக் கட்டங்களுக்கு முன்னால், இதை எப்படிச் சொல்வது? கோரஸ் என்று பதினைந்து பேர் சேர்ந்து பாடி ஆடுகிற பகுதியை ஆன்லைனில் என்ன செய்வது? நம் கதைகளைப் பக்கத்தில் வைக்கலாமா, இல்லை மறுபடி ஜோடி சேர்க்கிற ஆட்டமாகத்தான் முடியுமா?

இன்னொன்று. ஒரு பிள்ளையின் அம்மா கடிதம் எழுதியிருக்கிறார். 'எங்கள் சாமி கதையே பிள்ளைக்குத் தெரியவில்லை, ஊர் பேர் தெரியாத சாமி கதை எதற்கு' என்று கேட்கிறார். அவருக்கு நேர்மையாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

பதில்: மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

டீச்சரம்மா, வணக்கம். நான் முப்பத்தாறு வருடம் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவன். தமிழ் எங்கள் கோவில் பாடசாலையில் படித்தது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்லைடை மூடுங்கள். ஆன்டிகனி கதைக்குப் படம் வேண்டாம். யோசித்துப் பாருங்கள், கிரேக்க மேடையில் சாவைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. குகைக்குள் அந்தப் பெண் தூக்கிலே தொங்கியதும், அவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த ஹேமன், அதாவது கிரியோனுடைய சொந்த மகன், வாளில் விழுந்ததும் நம் கண்ணுக்கு முன்னால் நடப்பதே இல்லை. ஒரு தூதுவன் வந்து நின்று சொல்கிறான். அவன் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் ஏதென்ஸ் ஜனங்கள் அழுதார்கள். தூதுவன் வேலையைச் செய்ய உங்களுக்கு ஒரு போன் போதும். வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்புங்கள். ஐந்து நிமிடம் பேசினால் ஒரு எம்.பி. கூட ஆகாது என்று என் பேத்தி சொல்கிறாள். பிள்ளைகள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கட்டும்.

இரண்டாவது, இந்தக் கதை இந்த நாட்டுக்குப் புதிசு இல்லை. ராபன் தீவுச் சிறையில் கைதிகள் கிறிஸ்மஸ் நேரத்தில் நாடகம் போடுவார்கள். ஒரு தடவை ஆன்டிகனி போட்டார்கள். மண்டேலா நடித்தது யாராக தெரியுமா? கிரியோனாக. அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, 'சட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போன மனிதர் ஏன் சட்டம் போடுகிற ராஜா வேஷத்தைக் கட்டினார்?' என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாதீர்கள். 1973இல் நம் நாட்டு நாடகக்காரர்கள் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் ந்ட்ஷோனா மூன்று பேரும் சேர்ந்து அமைத்த 'தி ஐலண்ட்' நாடகத்திலும் இரண்டு கைதிகள் ஒத்திகை பார்ப்பது ஆன்டிகனியைத்தான்.

கிரியோனை வில்லனாக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. அவன் பக்கத்தை முதலில் பலமாகச் சொல்லுங்கள். நேற்று ராத்திரி வரை ஊரைச் சுற்றி எதிரிப் படை. அந்தப் படையைக் கூட்டி வந்தவனுக்கும், தடுத்துச் செத்தவனுக்கும் ஒரே மரியாதை என்றால் செத்தவன் வீட்டுக்கு என்ன பதில்? பிள்ளைகள் 'ஆமாம், ராஜா சொல்வது நியாயம்தானே' என்று சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம் ஆன்டிகனியை உள்ளே விடுங்கள்.

மூன்றாவது, தில்லையாடி வள்ளியம்மை. எங்கள் ஊர்ச் சிறையில் இருந்த பெண், அதனால் எனக்கு உரிமையோடு சொல்லத் தோன்றுகிறது. ஜோகானஸ்பர்க்கில் பிறந்தவள். 1913 மார்ச்சில் கேப் டவுன் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் கொடுத்த தீர்ப்பில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத நம் கல்யாணங்கள் சட்டப்படி செல்லாமல் போயின. நம் தாய்மார்கள் ஒரு நாளில் மனைவி இல்லை என்று ஆனார்கள். அதை எதிர்த்து அம்மாவோடு சேர்ந்து சிறைக்குப் போனாள். காய்ச்சலோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தாள். பதினாறு வயது. உங்கள் கிரேடு 10 பிள்ளைகளின் வயது.

'வள்ளியம்மைதான் ஆன்டிகனி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எழுதின அதே ஜோடி ஆட்டம் ஆகிவிடும். எங்கே பிரிகிறார்கள் என்று கேளுங்கள். ஆன்டிகனி கூடப் பிறந்த இஸ்மீனியைக் கூப்பிட்டாள், அவள் பயந்துவிட்டாள், இவள் தனியாகப் போனாள். வள்ளியம்மை கூட்டத்தோடு போனாள், அம்மா பக்கத்திலேயே இருந்தார். ஆன்டிகனி செத்த பிறகு தீப்ஸ் அரண்மனையே நாசமானது. வள்ளியம்மை இறந்த அதே 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. நம் கல்யாணங்கள் செல்லுபடியாயின, மூன்று பவுன் தலைவரியும் போயிற்று.

கண்ணகியைக் கொண்டுவந்தாலும் இதே மாதிரிதான். இரண்டு பெண்களும் ராஜாவுக்கு முன்னால் நிற்கிறார்கள். பாண்டியன் தப்பு தெரிந்த அந்த நொடியே உயிரை விட்டான். கிரியோன் சாகவில்லை. மகன் செத்து, மனைவி யூரிடிசி செத்து, அவன் மட்டும் உயிரோடு நிற்கிறான். எந்தத் தண்டனை பெரிசு என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு பீரியட் போதாது.

---

பதில்: ஃபீனிக்ஸ் அம்மா

டீச்சர், நான் டீச்சர் இல்லை, ஒரு பிள்ளையின் அம்மா. உங்களுக்குக் கடிதம் எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் போன வருடம் என் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கு அதே மாதிரி ஒரு கடிதத்தை நான் எழுதினேன். அதனால் சொல்கிறேன்.

அது கோபம் இல்லை, பயம். இந்த ஊரில் தமிழ் கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. என் பெண்ணுக்குத் தைப்பூசக் காவடி தெரியும், குட் ஃபிரைடே அன்றைக்கு மாரியம்மன் கோவிலில் தீமிதி தெரியும். ஏன் மிதிக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது. அந்த இடத்தில் வேற்று நாட்டுக் கதை வந்து உட்கார்ந்துகொள்ளுமோ என்று ஒரு பதைப்பு.

அப்புறம் நடந்தது என்னவென்றால், ஒரு நாள் சாயங்காலம் சமையல்கட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அவளுடைய டீச்சர் பேசுவது கேட்டது. ஒரு பெண், செத்துப்போன அண்ணனுக்கு ஒரு பிடி மண் போடக்கூட விடமாட்டேன் என்கிறார்கள் என்று. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

2020இல் லாக்டவுன் நேரத்தில் என் அண்ணன் திருநெல்வேலியில் இறந்துபோனார். விமானம் கிடையாது. கொள்ளி வைத்ததை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தேன். சிக்னல் நின்று நின்று வந்தது. அண்ணன் முகம் தெரிந்த நேரத்தில் படம் அப்படியே உறைந்துவிட்டது, மறுபடி அசைந்தபோது புகைதான் இருந்தது. நான்கு வருடமாக அதை யாரிடமும் பேசாமல் இருந்தேன். அன்றைக்கு என் பெண் அறையிலிருந்து வெளியே வந்து, 'அம்மா, மாமாவுக்கு நீ போக முடியலையே' என்றாள். அவளே கேட்டாள். ஆன்டிகனி என்று ஒருத்தி வந்துதான் எங்கள் இருவருக்கும் அந்தப் பேச்சை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்கு அப்புறம்தான் அவள் திரௌபதி எதற்காகத் தீயில் இறங்கினாள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை ஊரில் என் சித்தியிடம் போனில் கேட்டுச் சொன்னேன். ஒரு கதை இன்னொரு கதையைத் துரத்திவிடும் என்று நினைத்திருந்தேன், டீச்சர். அப்படி நடக்கவில்லை. அந்த அம்மாவுக்கு இதை அப்படியே சொல்லலாம். வேண்டுமானால் என் நம்பரைத் தனிச்செய்தியில் தருகிறேன், அவர் என்னோடு பேசட்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொரோனா காலத்து அந்த இரண்டு வருடத்தில் யார் வீட்டில் யார் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கதையை ஆரம்பிக்கும் முன் நாளே ஒரு வரி எழுதிவிடுங்கள், நாளைக்குச் சாவும் அடக்கமும் வருகிற கதை என்று. யாராவது அழுதால் ஸ்லைடைத் தள்ளாமல் இருப்பீர்கள், அது எனக்குத் தெரியும்.

---

பதில்: கூத்துக்காரர் மகன், மவுண்ட் எட்ஜ்கம்

அக்கா, கோரஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

வீடியோ காலில் பதினைந்து பேரைச் சேர்ந்து பேசச் சொல்லாதீங்க. நடக்காது. ஒவ்வொருத்தர் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வந்து சேரும். போதாததற்கு அந்த ஆப் ஒருத்தர் குரலைத் தூக்கிப் பிடித்து மற்றதை இரைச்சல் என்று அமுக்கிவிடும். நாங்கள் 2020இல் பஜனைக்கு முயற்சி செய்து பட்டது. இதைச் செய்து பாருங்க: நீங்கள் ஒரு கோரஸ் பாட்டை மெதுவாக, தாளத்தோடு, ஒரு வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்புங்க. ஒவ்வொரு பிள்ளையும் இயர்போனில் அதைக் கேட்டுக்கொண்டே, கூடவே பேசி, தன் குரலை மட்டும் பதிவு செய்து அனுப்பட்டும். எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க போனிலேயே இலவச ஆப் இருக்கிறது. முதல் கைதட்டலைக் குறியாக வைத்தால் சரியாகப் பொருந்தும். அடுத்த வகுப்பில் போட்டுக் காட்டுங்க. தன் குரலை இருபது குரலுக்கு நடுவில் கேட்கிற பிள்ளை முகம் எப்படி ஆகும் என்று, கேமரா இல்லாமலே தெரியும்.

இன்னொரு விஷயம். எங்கள் அப்பா ஆறடிக் கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டினவர். இங்கே ஆங்கிலத்தில் எல்லோரும் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்கிறார்களே, நம் தெருக்கூத்துதான். ராத்திரி முழுக்க நடக்கும். கட்டியக்காரன் ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள். ஆன்டிகனியில் ஒரு காவல்காரன் வருவான், கவனித்தீங்களா? யாரோ பிணத்துக்கு மண் போட்டுவிட்டார்கள் என்று ராஜாவிடம் சொல்ல வேண்டும். யார் போய்ச் சொல்வது என்று காவலர்கள் சீட்டுப் போட்டார்கள், சீட்டு இவன் பேரில் விழுந்தது. வழியெல்லாம் நின்று நின்று, 'போனால் உதை, போகாவிட்டாலும் உதை' என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வருகிறான். பெரிய இடத்துப் பேச்சுக்கு நடுவில் அவன் ஒருத்தன்தான் நம்மைப் போலப் பேசுகிறான். வாயே திறக்காத பிள்ளைக்கு இந்த வேஷத்தைக் கொடுங்க. பயந்துபோய்த் திணறிப் பேசினாலும் வேஷத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும்.

கறுப்புக் கட்டத்தை நினைத்து வருத்தப்படாதீங்க அக்கா. கிரேக்கத்தில் எல்லோரும் முகமூடி போட்டுத்தான் நடித்தார்கள். பேசுகிற வேஷம் எத்தனை இருந்தாலும் மூன்றே நடிகர்கள், எல்லோரும் ஆண்கள். ஆன்டிகனியாகப் பேசியதே முகமூடிக்குப் பின்னால் இருந்த ஒரு ஆண்தான். கட்டத்தில் பேரை மாற்றச் சொல்லுங்க. பிள்ளையின் பேர் இருக்கிற இடத்தில் 'கிரியோன்', 'இஸ்மீனி' என்று வரட்டும். அவ்வளவுதான், முகமூடி தயார்.

---

பதில்: லெனேசியா மேத்ஸ் டீச்சர்

எல்லோரும் சொன்னது நல்லது. ஆனால் டேர்ம் முடிவில் பரீட்சை இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். புரோலாக், பேரடோஸ், எபிசோட், ஸ்டாசிமன், எக்சோடஸ் என்று நாடகத்தின் பகுதிகளை வரிசையாகக் கேட்பார்கள். என் அனுபவத்தில், செய்து முடித்த வேலைக்குப் பேர் வைத்தால் மறக்காது. கோரஸ் உள்ளே வருகிற பாட்டைப் பதிவு செய்த மறுநாள், 'நேற்று நீங்கள் செய்ததற்குப் பேர் பேரடோஸ்' என்று சொல்லுங்கள். நான் அல்ஜீப்ராவை அப்படித்தான் எடுக்கிறேன். ஸ்லைடில் கடைசி நாலைந்தை மட்டும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் போதும்.

---

டர்பன் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஒன்றரை வாரம் கழித்து எழுதுகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

ஐயா சொன்னபடி திங்கட்கிழமை ராத்திரி கதையை ஏழு நிமிட வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். ஃபீனிக்ஸ் அக்கா சொன்ன ஒரு வரியை ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிட்டேன். டொங்காட் பெண்ணுக்குத் தனியாக, 'அன்றைக்கு நீ ஆயாவைப் பற்றிச் சொன்னபோது நான் அவசரமாகக் கடந்துபோய்விட்டேன், மன்னித்துக்கொள்' என்று எழுதினேன். அவள் ஆயாவின் போட்டோவை அனுப்பினாள். வாசலில் கறிவேப்பிலை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வகுப்பில் கிரியோன் பக்கத்தை முதலில் சொன்னேன். 23 பேரில் 17 பேர் ராஜா பக்கம். அப்புறம் ஆன்டிகனி பேசினாள், அதாவது மாரிட்ஸ்பர்க் பெண் ஒருத்தி பேசினாள். ராஜா போட்ட சட்டத்துக்கு முன்னாலேயே, யாரும் எழுதாத சட்டம் ஒன்று தெய்வங்களிடம் இருக்கிறது என்கிற இடம். மறுபடி ஓட்டுப் போட்டோம், 9 பேர் ராஜாவிடம் நின்றார்கள். நிற்கட்டும், நான் யாரையும் அசைக்கவில்லை.

அப்போது குவாமாஷு பெண் கை தூக்கினாள். அவளுடைய தாத்தா ஜோகானஸ்பர்க்கில் வேலை பார்க்கப் போன இடத்தில் இறந்துவிட்டாராம். பாட்டி ஜூலு வழக்கப்படி உம்லஹ்லன்கோசி மரத்துக் கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர் இறந்த இடத்துக்கே போய், 'வாருங்கள், வீட்டுக்குப் போகலாம்' என்று அழைத்து, அந்தக் கிளையோடு டாக்ஸியில் திரும்பி வந்தாராம். கிளைக்கும் ஒரு சீட்டுக்குக் காசு கொடுத்தார். வழியில் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'கூட்டி வராவிட்டால் தாத்தா அங்கேயே அலைவார் மிஸ். பாட்டியை யாராவது தடுத்திருந்தால் அவரும் ஆன்டிகனிதான்' என்றாள். இந்தத் தடவை நான் எந்த ஸ்லைடையும் தொடவில்லை. அந்தக் கிளையில் முள் இருக்குமா, எந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பீரியட் முடிந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியும் யாரும் போகவில்லை.

காவல்காரன் வேஷத்தை ஃபீனிக்ஸ் பையன் ஒருவனுக்குக் கொடுத்தேன் தம்பி. அவன் குரலை இந்த வருடம் முழுக்க நான் கேட்டதில்லை. புதன்கிழமை அவன் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் பழுது, கரண்ட் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு 47 விநாடி வாய்ஸ் நோட் வந்தது. இருட்டில், படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே பேசியிருக்கிறான். செருப்புச் சத்தம் கேட்கிறது. இரண்டு படி ஏறுவான், நிற்பான், 'இல்லை, திரும்பிப் போயிடலாம்' என்பான், ஒரு படி இறங்குவான். இதை நான் சொல்லித் தரவில்லை. நாடகத்தில் அந்தக் காவலன் அப்படித்தான் வழியெல்லாம் திரும்பித் திரும்பி நின்றேன் என்று சொல்கிறான். நான் அதை ஆறு தடவை கேட்டேன்.

கடிதம் எழுதிய அம்மாவோடு போனில் பேசினேன். இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வள்ளியம்மையைப் பற்றி வகுப்பு எடுக்கிற அன்றைக்குத் தானும் உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன். ஃபீனிக்ஸ் அக்கா, உங்கள் நம்பரையும் கொடுத்தேன்.

இப்போது ஒரு உதவி. வருகிற வாரம் டைரீசியஸ் வருகிறார். கண் தெரியாத கிழவர், ஒரு சிறுவன் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். பறவைகள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்கின்றன, பலிபீடத்தில் நெருப்புப் பிடிக்கவில்லை, இந்த ஊர் தீட்டுப்பட்டுக் கிடக்கிறது என்று ராஜாவிடம் சொல்கிற இடம். ராஜா அவரைக் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர் என்று திட்டுகிறான். அப்புறம் பயந்துபோய் மனம் மாறுகிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை கட்டு என்று பெரியவர்கள் சொல்ல, அவன் முதலில் பிணத்தைப் புதைத்துவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஏன் வரிசையை மாற்றினான் என்பதுதான் அன்றைய என் கேள்வி.

டைரீசியஸாகப் பேசப் பதினைந்து வயதுக் குரல் சரிப்படவில்லை. மாரிட்ஸ்பர்க் ஐயா, நீங்கள் பேசித் தருவீர்களா? ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம்தான். கையைப் பிடித்து வருகிற சிறுவனாக ஸ்டேங்கர் பையன் இருக்கிறான், வசந்தம் பற்றிக் கேட்டவன்.

---

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

கட்டாயம் பேசித் தருகிறேன் அம்மா. வரிகளைப் பெரிய எழுத்தில் டைப் செய்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்து, சனிக்கிழமை காலையில் தெருவில் வண்டிச் சத்தம் தொடங்குவதற்குள் பேசி அனுப்பிவிடுகிறேன். அந்தப் பையனை எனக்கு முன்னாடியே ஒரு தடவை போன் செய்யச் சொல்லுங்கள். கையைப் பிடிக்கப்போகிறவன் குரலை நான் முதலில் கேட்க வேண்டும்.